ஹவில்தாரின் நூறு கெஜம்

ஏணியின் மூன்றாவது படியில் தேவசகாயம் அண்ணன் நிற்கிறார். இடது கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பா, வலது கையில் பிரஷ். ஏணி ஆடாமல் அடியில் பிடித்துக்கொண்டிருப்பவன் நான். ஒரு சொட்டுப் பெயின்ட் என் புறங்கையில் விழுந்து ஜில்லென்றிருக்கிறது.

எங்கள் ஹைஸ்கூல் ஹாலில் அந்தச் சனிக்கிழமை நிற்க இடமில்லை. முன்வரிசையில் என் நைனா. கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வருகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். அந்துருண்டை வாசனை ஏணி வரைக்கும் வந்தது. அவருக்குப் பின்னால் மர்பி டவுனிலிருந்து எங்கள் சந்தே வந்து நின்றது. கைக்குழந்தைகளைச் சேர்த்தால் முப்பது பேருக்குக் குறையாது.

சுவரில் ஒரு கறுப்புப் பலகை. நூறு கெஜ ஓட்டத்தில் பள்ளிக்கூடத்தின் ரெக்கார்டு யாருடையதோ, அவர் பெயர் அதில் இருக்கும். ஏழு வருஷமாக இருந்தது தேவசகாயம் அண்ணன் பெயர். பத்து நாளைக்கு முன் ஸ்போர்ட்ஸ் தினத்தில் நான் அதை முறியடித்துவிட்டேன். என் பெயரை எழுதத்தான் அவர் ஏறியிருக்கிறார்.

எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஹாலில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

"இன்னா ராயப்பா, எழுதட்டா?" என்று கீழே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

அவரை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு, நாம் பின்னால் போய் வருவோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரோடு அளக்கிற உத்தியோகம், வெயிலில் நின்று பழகியவர்.

தன் பேர்மேல் தானே கோடு

எங்கள் பள்ளி பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஜோகுபாளையத்துப் பக்கம் இருந்தது. சர்க்கார் பள்ளி. ஓட்டுக் கூரை. மழைக்காலத்தில் ஐந்தாம் பாரத்துப் பையன்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஜியாமெட்ரி போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கன்டோன்மென்டின் பெரிய பள்ளிகளில் புல்தரையும் பெவிலியனும் உண்டு. எங்களுக்குச் செம்மண். விழுந்து எழுந்தால் வீட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சட்டையே சொல்லிவிடும்.

எங்களைப் பள்ளி வாசலில் நின்று கேலி பண்ணுவதற்கென்றே ஒரு ஜட்கா வண்டிக்காரர் இருந்தார். அவர் சொல்வார்: "இந்த ஸ்கூல்ல படிச்சவன் ஒருத்தனும் கலெக்டர் ஆவல. ஆனா கலெக்டர் ஆபீஸ்ல எந்தக் கதவத் தொறந்தாலும் உள்ள ஒக்காந்து சீல் குத்திக்கினு இருக்கறவன் இந்த ஸ்கூல்காரன்."

அது நிஜம். எங்கள் பழைய மாணவர்கள் தபால் ஆபீசில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், ரயிலில் எல்லாம் இருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஸ்போர்ட்ஸ் தினத்துக்கு, லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எங்களுக்கு எதிராக வடம் இழுப்பார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் எப்போதும் வடத்தின் கடைசியில் நிற்பார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னாடி நின்னா இழுக்கணும். பின்னாடி நின்னா ஒக்காந்தா போதும்" என்றார். அவர் உட்கார்ந்தால் எங்கள் பக்கத்துப் பத்துப் பேரும் அவர் பக்கம் போய்விடுவோம். அந்த உடம்பு.

இவர்களை வரவைத்தது வடம் மட்டும் இல்லை. அந்தக் கறுப்புப் பலகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ரெக்கார்டு முறிந்தால், பழைய ரெக்கார்டுக்காரருக்குப் பள்ளியிலிருந்து கார்டு போகும். அவர் நேரில் வர வேண்டும். ஏணியில் ஏறி, தன் பெயர்மேல் தானே ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். பிறகு அதற்குக் கீழே புதியவன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும்.

அதனால் பலகையில் எந்தப் பெயரும் அழிந்ததில்லை. கோடு விழுந்த பெயர்கள் மேலே, கோடு விழாத ஒரு பெயர் கீழே. நாங்கள் பாடம் கவனிக்காத நேரத்திலெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

ஒரு நிமிஷத்து நடை

மைதானத்துக்கு ராஜா எங்கள் டிரில் மாஸ்டர், ஹவில்தார் கோவிந்தசாமி. பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். மீசையின் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருக்கும். அதை யாராவது அளந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்.

அவர் தன் ஆயுளில் அளவுகோல் என்று ஒன்றைத் தொட்டதில்லை. பட்டாளத்தில் ஒரு தப்படி என்றால் முப்பது அங்குலம். நிமிஷத்துக்கு நூற்றிருபது தப்படி. பெருக்கிப் பாருங்கள், சரியாக நூறு கெஜம் வரும். ஆகவே ஸ்போர்ட்ஸ் தினத்தன்று காலையில் மைதானத்தின் ஒரு முனையில் அட்டென்ஷனில் நிற்பார். பின்னால் ஒரு பையன் சுண்ணாம்பு வாளியோடு நிற்பான். ஒரு நிமிஷம் மார்ச் பண்ணுவார். நூற்றிருபதாவது தப்படி விழுந்த இடத்தில் பூட்ஸைத் தட்டுவார். அங்கே சுண்ணாம்புக் கோடு.

"வெள்ளக்காரன் கால்ல போட்டு அனுப்பின அளவுடா இது" என்பார். "தூக்கத்துல நடந்தாலும் முப்பதுதான் வரும். முப்பத்தொண்ணு வந்தா நான் கோவிந்தசாமி இல்ல."

முப்பத்தொன்று வராது என்றுதான் சொன்னார். குறையாது என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் நான்காம் பாரம் வந்த வருஷத்திலிருந்து மூன்று வருஷமாக எங்கள் பள்ளி வேகமாகிக்கொண்டே வந்தது. முந்தின வருஷம் பன்னிரண்டரை செகண்டில் ஓடியவன் அடுத்த வருஷம் பன்னிரண்டில் ஓடினான். இஞ்சிக் குழம்பு வாசனை வந்தால் மட்டும் ஓடுகிற குண்டு லாசர்கூடப் பதினொன்றே முக்காலில் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தவன் திரும்பிப் பார்த்து, "என்ன யாராவது தள்னீங்களாடா?" என்று கேட்டான்.

ஹெட்மாஸ்டர் சுப்பராவ் மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் கன்னடம் கலக்கும். இதற்கெல்லாம் காரணம் தாம் ஆரம்பித்த ராகிக் கஞ்சிதான் என்று முடிவு கட்டிவிட்டார். பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. "நோடப்பா, ராகிதான் ஓடுது, நீ இல்ல" என்பார் ஜெயித்தவனிடம். கல்வி இலாகாவுக்கு இதைப் பற்றி நாலு பக்கம் எழுதியும் அனுப்பிவிட்டார்.

ஹவில்தாருக்கு அந்த மூன்று வருஷமாக வலது முழங்காலில் வலி. உட்கார்ந்து எழுந்தால் நாற்காலி முனகுகிறதா அவர் முனகுகிறாரா என்று தெரியாது. ஆனால் மார்ச் பண்ணும்போது ஒரு முனகல்கூடக் கேட்காது. அந்த மூன்று வருஷத்தையும் அந்த முழங்காலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷ ஸ்போர்ட்ஸில் நான் பத்தரை செகண்டில் ஓடினேன். பழைய ரெக்கார்டு பதினொன்று. ஹவில்தார் ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், முழங்காலையும் மறந்து.

நைனாவைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரமே எழுதினேன். பட்டாளத்து ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. செய்தி கேட்ட அன்று அவர் ரொட்டி கொடுக்கிற ஒவ்வொரு ஆளிடமும் சொன்னார். "எங்க பேர ஸ்கூல் செவுத்துல எழுதறாங்க" என்று. அம்மா, "எழுதினப்புறம் சொல்லக் கூடாதா?" என்றாள். "எழுதினப்புறம் சொன்னா வந்து பாக்க முடியுமா?" என்றார். சந்து முழுக்க அழைத்தாகிவிட்டது.

எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் அது பொய். இங்கிலீஷில் நான் இரண்டு தடவை தேறாதவன். அந்தப் பள்ளியில் என் பெயர் எழுதப்படுவதற்கு எனக்கு வேறு சுவர் கிடையாது.

வியாழக்கிழமை வந்த சங்கிலி

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் தேவசகாயம் அண்ணன் மைதானத்துக்கு வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ரோடு இலாகாவில் சர்வே வேலை. சைக்கிள் கேரியரில் சாக்குப் பையில் அளக்கிற சங்கிலி. நான் தனியாக ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"நீதானா என் பேர்மேல கோடு போட வெக்கப் போறவன்?" என்று சிரித்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, ஓடு பாதையின் முனையில் போய் நின்றார். சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, இது கிட்டக்கத் தெரியுதே."

"இன்னாண்ணா கிட்டக்க?"

"ஏழு வருஷமா நாளெல்லாம் கெஜம் கெஜமாப் பாத்துக்கினு இருக்கேன். கண்ணு உறுத்துது. வா, இந்த முனையப் புடி."

அந்தச் சங்கிலி நூறு அடி. நூறு கண்ணி, கண்ணிக்கு ஓர் அடி. மூன்று சங்கிலி போட்டால் நூறு கெஜம். இரண்டு சங்கிலி முழுதாகப் போட்டோம். மூன்றாவதை இழுத்தபோது எழுபத்து மூன்றாவது கண்ணியில் சுண்ணாம்புக் கோடு வந்துவிட்டது. மிச்சம் இருபத்தேழு கண்ணி கோட்டைத் தாண்டி மண்ணில் கிடந்தது.

திரும்பவும் அளந்தோம். எழுபத்து மூன்று.

"ஒம்போது கெஜம் கம்மி" என்றார். செம்மண்ணில் அப்படியே குந்தி உட்கார்ந்தார். "பாவம், ஹவில்தார் தப்படி சுருங்கிப்போச்சு. எங்க காலத்துல ஒரு எட்டு வெச்சா பூமி அதிரும்."

நான் ஓடியது தொண்ணூற்றொரு கெஜம். லாசர் ஓடியதும் அதுதான். ராகிக் கஞ்சி ஓடியதும் அதுதான்.

"யார்கிட்டயாவது சொல்வீங்களா அண்ணா?"

"நான் எப்படிடா சொல்றது? கோடு விழறது என் பேர்மேல. வயித்தெரிச்சல் புடிச்சவன், சங்கிலிய எடுத்துக்கினு வந்துட்டாம்பாங்க." சங்கிலியைக் கண்ணி கண்ணியாக மடித்துச் சாக்கில் போட்டார். "சனிக்கிழம நான் ஏறுவேன். எழுதுன்னா எழுதறேன். வேணாம்னா எறங்கறேன். கேப்பேன், நீ சொல்லு."

இதைவிட அவர் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. பேசாததால் வீட்டில் காய்ச்சல் என்று நினைத்து மிளகு ரசம் வைத்துவிட்டார்கள். நைனாவோ கறுப்புக் கோட்டை வெயிலில் போட்டுத் திருப்பித் திருப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் காரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஹவில்தாரிடம் யார் போய், உங்கள் கால் குட்டையாகிவிட்டது என்று சொல்வது?

ஏணிக்கு வருவோம்

"இன்னா ராயப்பா, எழுதட்டா?"

நான் நைனாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் வாயைத் திறந்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரொட்டி உப்புவதைப் பார்க்கிற மாதிரி.

"வேணாண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் பலமாக, "வேணாம், எறங்கிடுங்க. நான் ஓடினது நூறு கெஜம் இல்ல" என்றேன்.

ஹெட்மாஸ்டர், "ஏனு? ஏன் இல்ல?" என்றார். தேவசகாயம் அண்ணன் ஏணியில் நின்றபடியே வியாழக்கிழமைக் கதையைச் சொன்னார். சொல்லும்போது ஹவில்தார் பக்கம் திரும்பவே இல்லை.

ஹவில்தாரின் முகம் சிவந்துபோனது. "சங்கிலி நீண்டுபோயிருக்கும்" என்றார். "பழய சங்கிலி. கண்ணியெல்லாம் தேஞ்சா நீளும். என் கால் நீளாது."

"சுருங்குமே மாஸ்டர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வடத்தின் கடைசியில் உட்காருகிற கம்பவுண்டர்தான்.

"வெளிய வாங்கடா எல்லாரும். இப்பவே அளக்கறேன்."

மொத்த ஹாலும் மைதானத்துக்கு வந்தது. ஹவில்தார் முனையில் நின்றார். மீசையைத் தடவினார். அட்டென்ஷன். மார்ச். எங்கள் சந்துக்காரர்கள் கூடவே எண்ண ஆரம்பித்தார்கள். சில பேருக்கு ஐம்பதுக்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். நூற்றிருபதில் பூட்ஸ் தட்டியது. பத்து நாள் பழைய சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே, நூல் பிசகாமல்.

"பாத்தீங்களா" என்றார். நெற்றியில் வியர்வை.

சைக்கிளிலிருந்து எடுத்து வந்த சங்கிலியைத் தேவசகாயம் அண்ணன் ஒரு முனையில் பிடித்தார், ஹவில்தாரே மறு முனையைப் பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கோட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு ஹவில்தார் நடந்தார். கோட்டைத் தாண்டி நடந்தார். இன்னும் நடந்தார். சங்கிலி இறுகிய இடத்தில் நின்று, திரும்பிக் கோட்டைப் பார்த்தார். நடுவில் ஒரு மாட்டு வண்டி நிறுத்தலாம்.

"போன வாரம்தான் புதுச் சங்கிலியோட வெச்சுச் சரி பாத்தது மாஸ்டர்" என்றார் தேவசகாயம் அண்ணன், மிகவும் மெதுவாக.

ஹவில்தார் ஹெட்மாஸ்டர் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். "கிரவுண்ட் ஷார்ட் சார். ஒம்போது கெஜம். தப்பு பையன்மேல இல்ல, சங்கிலிமேல இல்ல. வலது கால்மேல." என்றைக்கும் மைதானத்தில் உட்காராதவர், அப்புறம்தான் பக்கத்தில் கிடந்த சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

ஹெட்மாஸ்டர் தன் டம்ளர் கஞ்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பார். இலாகாவுக்கு அனுப்பிய நாலு பக்கம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் நைனாவைப் பார்த்தேன். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே முன்னால் வந்தார்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணு புரியல. பையன் ஓடினான் இல்ல?"

"ஓடினான்யா. ஆனா நூறு இல்ல."

"மிச்சம் எவ்ளோ?"

"ஒம்போது கெஜம்."

"அந்த ஒம்போதுதானே." நைனா சுண்ணாம்புக் கோட்டையும் சங்கிலி முடிந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தோ, இங்கேர்ந்து அங்க. அத இப்ப ஓடிடட்டும். நாங்க இவ்ளோ பேரு வந்து நிக்கறோம்."

தேவசகாயம் அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் கம்பவுண்டர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது நியாயமான கணக்கு. பாதி பிசைந்து விட்ட மாவை வந்து மீதி பிசைகிற மாதிரி.

ஹவில்தார் வாளியிலிருந்து எழுந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டுல நில்லுடா" என்றார். ஸ்டாப் வாட்சை எடுத்தார்.

"மாஸ்டர், இது..."

"நில்லுன்னேன்."

சுண்ணாம்புக் கோட்டில் போய்க் குனிந்தேன். சந்துக்காரர்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒன்பது கெஜத்துக்கு முப்பது பேர். ஆளுக்கு ஒரு முழம்தான் வரும். ஹவில்தார் விசில் அடித்தார். என் ஆயுளில் அவ்வளவு வேகமாக நான் எதையும் ஓடியதில்லை. மூன்றாவது எட்டுக்குள் கூச்சல், ஆறாவது எட்டில் முடிந்துபோனது. நிற்க முடியாமல் ஓடி, கம்பவுண்டரின் வயிற்றில் மோதித்தான் நின்றேன்.

"ரெண்டு செகண்டு" என்றார் ஹவில்தார்.

ஹெட்மாஸ்டர் மனசுக்குள் கூட்டினார். "பத்தரையும் ரெண்டும் பன்னெண்டரை. லாசரைவிட லேட்டப்பா நீ" என்றார். அன்றைக்கு அவரும் சிரித்தார்.

தேவசகாயம் அண்ணனின் பிரஷில் பெயின்ட் காய ஆரம்பித்திருந்தது. அதை வீணாக்காமல், சங்கிலி முடிந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு அதற்கு வெள்ளை அடித்தார். ஹவில்தார் பக்கத்தில் நின்று, கல் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை அந்தக் கல் வரைக்கும் ஒழுங்காக ஓட வைத்தார்கள். பதினொன்றேகால். கால் செகண்டில் போயிற்று. அந்த வருஷத்தோடு நான் படிப்பை விட்டேன். அந்தப் பலகையில் என் பெயர் ஏறவே இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஊர்வலம் மாதிரிதான் மர்பி டவுனுக்குத் திரும்பினோம். நைனா கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சந்து முனையில், வர முடியாமல் போன பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"இன்னாண்ணா, பேர் எழுதினாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனா நின்று, அவருக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்:

"எழுதல. பையன் நூறு கெஜத்த ரெண்டு தவணையா ஓடிட்டான். அந்தப் பலகையில ரெண்டு தவணைக்கு எடம் இல்லியாம்."